கதிரியக்க அலகுகளை மாற்றுவது எப்படி: கியூரியிலிருந்து சீவர்ட் வரை முழுமையான வழிகாட்டி

கதிரியக்கத்தின் பழைய அலகான கியூரியை இன்றைய அலகான பெக்கொரலாக மாற்றுவதற்குப் பெருக்கல் தெரிந்தால் போதும். ஆனால் கையில் வரும் அறிக்கையில் ஒரு பக்கம் மில்லி கியூரியும், இன்னொரு பக்கம் நிமிடத்துக்கு இத்தனை எண்ணிக்கை என்பதும், அடியில் உடல் பெறும் கதிர்வீச்சைச் சொல்லும் மணிக்கு இத்தனை மைக்ரோ சீவர்ட் என்பதும் இருந்தால், புதியவர்கள் மூன்றையும் ஒரே கோட்டில் வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெறப் பார்க்கிறார்கள். இந்த வேலையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை பெருக்கலில் நேர்வதில்லை; எதை எதால் பெருக்கலாம் என்று முடிவு செய்யும் இடத்திலேயே நேர்ந்துவிடுகின்றன. ஆகவே கீழே உள்ள படிகளை அவை தரப்பட்டுள்ள வரிசையிலேயே செய்வது நல்லது.

1. கணக்கைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், அளவை அதன் முழு அலகோடு எழுதிக்கொள்ளுங்கள். "நான்கு பைக்கோ கியூரி" என்பது முழு அலகு அல்ல. "ஒரு லிட்டர் காற்றில் நான்கு பைக்கோ கியூரி" என்பதே முழு அலகு. வகுக்கும் பகுதியை விட்டுவிட்டு எழுதிய எண்ணைப் பின்னால் யாராலும் மீட்டெடுக்க முடியாது.

இரண்டாவதாக, எந்த ஐசோடோப்பு (ஒரு தனிமத்தின் எந்த அணு வகை) என்பதும் அளவு எந்த நாள், எந்த நேரத்துக்கு உரியது என்பதும் வேண்டும். கியூரியிலிருந்து பெக்கொரலுக்கு மாற்ற இவை தேவையில்லை என்றாலும், அதைத் தாண்டி ஒரு படி எடுத்து வைத்தாலே இரண்டும் தேவைப்படும்.

மூன்றாவதாக, எண் ஒரு கருவியிலிருந்து வந்திருந்தால், அந்தக் கருவியின் செயல்திறன் (சிதைவுகளில் எத்தனை பங்கைப் பதிவு செய்கிறது என்பது), பின்னணி எண்ணிக்கை (மாதிரி இல்லாதபோதும் காட்டும் எண்ணிக்கை), உணர்பரப்பின் அளவு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். மாதிரிப் பொருளாக இருந்தால் அதன் எடை, அந்த எடை ஈரமாக எடுக்கப்பட்டதா உலர்த்தி எடுக்கப்பட்டதா என்பது ஆகியவை தேவை. மண்ணிலும் தாவரங்களிலும் இந்த ஈர எடை, உலர் எடை வேறுபாடு பல மடங்காகக்கூட இருக்கலாம்.

2. அலகு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தத் துறையின் அலகுகள் நான்கு குடும்பங்களாகப் பிரிகின்றன.

முதல் குடும்பம் கதிரியக்கச் செயல்பாடு. ஒரு பொருளில் ஒரு நொடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்பதை இது சொல்கிறது. பெக்கொரல் (நொடிக்கு ஒரு சிதைவு), கியூரி, நிமிடத்துக்கு இத்தனை சிதைவு ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, காற்றில் கதிர்வீச்சு உண்டாக்கும் மின்னூட்டம். ராண்ட்ஜனும், கிலோகிராமுக்கு இத்தனை கூலோம் (மின்னூட்டத்தின் அலகு) என்பதும் இதில் வரும். மூன்றாவது, பொருள் உட்கவர்ந்த ஆற்றல். இதன் அலகுகள் கிரே, ராட். நான்காவது, அந்த ஆற்றலால் மனித உடலுக்கு நேரக்கூடிய தீங்கைக் கருத்தில் கொண்டு எடையிட்ட டோஸ் (பெற்ற கதிர்வீச்சின் அளவு). இதன் அலகுகள் சீவர்ட், ரெம்.

ஒரே குடும்பத்துக்குள் மாற்றுவது அலகு மாற்றம். அதற்கு ஒரு நிலையான எண் போதும். ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது அலகு மாற்றமே அல்ல. அது ஓர் இயற்பியல் கணக்கு. ஐசோடோப்பு, தூரம், உடலுக்குள் சென்றதா வெளியில் இருந்ததா, எந்த உறுப்பு என்பன போன்ற தகவல்கள் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. "ஒரு பெக்கொரல் எத்தனை சீவர்ட்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகத் தரும் இணையக் கருவியைக் கண்டால் அதை மூடிவிடலாம்.

3. முன்னொட்டைச் சரிபாருங்கள்

மெகாவையும் மில்லியையும் குழப்புவதே இங்கு ஆகப் பெரிய ஆபத்து. பெரிய எம் எழுத்து மெகாவையும், சிறிய எம் எழுத்து மில்லியையும் குறிக்கும். இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு உண்டு. பெக்கொரல் மிகச் சிறிய அலகு என்பதால் ஆய்வகங்களில் மெகாவும் கிகாவும் சாதாரணமாகப் புழங்குகின்றன. கியூரி மிகப் பெரிய அலகு என்பதால் அதனுடன் மில்லி, மைக்ரோ, நானோ, பைக்கோ வருகின்றன. சுற்றுச்சூழல் மாதிரிகளில் மட்டும் மில்லி பெக்கொரல் உண்மையாகவே வரும். ஊசி மருந்துக் குப்பியின் மேல் மில்லி பெக்கொரல் என்று எழுதியிருந்தால் அது அநேகமாக எழுத்துப் பிழை.

மைக்ரோவுக்கு உரிய மியூ எழுத்தைத் தட்டச்சு செய்ய வசதியில்லாதவர்கள் சிறிய யூ எழுத்தைப் போடுவார்கள், அது ஏற்கத்தக்கது. அதற்குப் பதிலாகச் சிறிய எம் போட்டால் அளவு ஆயிரம் மடங்கு கூடிவிடும். கையெழுத்துப் பதிவுகளில் மியூவும் எம்மும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால், முன்னொட்டை முழுச் சொல்லாகவே எழுதும் வழக்கம் நல்லது.

4. கியூரியும் பெக்கொரலும்: 37 என்ற ஒரே எண்

ஒரு கியூரி என்பது 3.7 × 10¹⁰ பெக்கொரல். இது அளந்து பெற்ற தோராயம் அல்ல, வரையறை. ஆகவே மாற்றும் எண்ணால் எந்தப் பிழையும் சேராது. இதிலிருந்து கிடைக்கும் இணைகள் இவை:

1 கியூரி = 37 கிகா பெக்கொரல்
1 மில்லி கியூரி = 37 மெகா பெக்கொரல்
1 மைக்ரோ கியூரி = 37 கிலோ பெக்கொரல்
1 நானோ கியூரி = 37 பெக்கொரல்
1 பைக்கோ கியூரி = 0.037 பெக்கொரல்

பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டுவதைவிட இந்த வரிகளில் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து 37 ஆல் பெருக்குவதே பாதுகாப்பானது. 15 மில்லி கியூரி என்றால் 15 × 37 = 555 மெகா பெக்கொரல். எதிர்த்திசையில் 740 மெகா பெக்கொரல் என்றால் 740 ÷ 37 = 20 மில்லி கியூரி.

பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்று தடுமாறினால், எந்த அலகு சிறியது என்று பாருங்கள். சிறிய அலகில் சொல்லும்போது எண் பெரிதாக வர வேண்டும். 15 மில்லி கியூரிக்கு 0.4 மெகா பெக்கொரல் என்று விடை வந்தால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள்.

பழைய நூல்களில் வரும் நிமிடத்துக்கு இத்தனை சிதைவு என்ற அலகை 60 ஆல் வகுத்தால் பெக்கொரல் கிடைக்கும். ஒரு மைக்ரோ கியூரிக்கு நிமிடத்துக்கு 22.2 லட்சம் சிதைவுகள். ஒரு பைக்கோ கியூரிக்கு 2.22.

5. வகுக்கும் பகுதியைத் தனியே மாற்றுங்கள்

லிட்டருக்கு, கிராமுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு என்று வரும் அளவுகளில் மேலே உள்ள அலகையும் கீழே உள்ள அலகையும் ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. முதலில் மேற்பகுதியை மாற்றி எழுதி, பிறகு கீழ்ப்பகுதிக்கு வாருங்கள். இரண்டு வரிகள் கூடுதலாகும், ஆனால் எந்த இடத்தில் தவறியது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும்.

வீட்டுக்குள் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்கு எடுத்துக்காட்டு: லிட்டருக்கு 4 பைக்கோ கியூரி. மேற்பகுதி, 4 × 0.037 = 0.148 பெக்கொரல். கீழ்ப்பகுதி, ஒரு கன மீட்டருக்கு 1000 லிட்டர். விடை, கன மீட்டருக்கு 148 பெக்கொரல். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழிகாட்டு அளவான கன மீட்டருக்கு 100 பெக்கொரல் என்பதை எதிர்த்திசையில் மாற்றினால் லிட்டருக்கு 2.7 பைக்கோ கியூரி ஆகும்.

இங்கே ஒரு வசதியும் ஒரு பொறியும் சேர்ந்தே இருக்கின்றன. லிட்டருக்குப் பைக்கோ கியூரியைக் கன மீட்டருக்குப் பெக்கொரலாக மாற்றவும், கிராமுக்குப் பைக்கோ கியூரியைக் கிலோகிராமுக்குப் பெக்கொரலாக மாற்றவும் 37 ஆல் பெருக்கினால் போதும். இந்தப் பழக்கத்தில் குடிநீர் அறிக்கைக்கு வரும்போது அதே 37 ஐப் போட்டுவிடுகிறார்கள். நீரின் அளவைப் பெக்கொரலில் லிட்டருக்கே சொல்வது வழக்கம். அங்கே எண் 0.037. லிட்டருக்கு 15 பைக்கோ கியூரி என்பது லிட்டருக்கு 0.555 பெக்கொரல்தான், 555 அல்ல.

நிலப்பரப்பு வரைபடங்களில், குறிப்பாக 1986 இல் நடந்த செர்னோபில் விபத்துக்குப் பின் வெளிவந்தவற்றில், சதுர கிலோமீட்டருக்கு இத்தனை கியூரி என்ற அலகைக் காணலாம். ஒரு கியூரி என்பது 37 கிகா பெக்கொரல், ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மீட்டர். ஆகவே சதுர கிலோமீட்டருக்கு 1 கியூரி என்பது சதுர மீட்டருக்கு 37 கிலோ பெக்கொரல். அந்த வரைபடங்களில் வரும் 5, 15, 40 என்ற எல்லைகள் முறையே 185, 555, 1480 கிலோ பெக்கொரல் ஆகின்றன.

பாறை, மண் ஆய்வுகளில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று எடைக் கணக்கில் தரும் அளவும் வரும். அதை மாற்ற ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் (செயல்பாடு பாதியாகக் குறைய ஆகும் காலம்) தேவை. ஒரு கிராமின் செயல்பாட்டைப் பெக்கொரலில் பெற, 1.32 × 10¹⁶ என்ற எண்ணை நிறை எண்ணாலும் ஆண்டுகளில் சொன்ன அரை ஆயுட்காலத்தாலும் வகுக்கலாம். ரேடியம்-226 க்கு அரை ஆயுட்காலம் 1600 ஆண்டுகள் என்று போட்டுப் பாருங்கள்; கிராமுக்கு ஏறத்தாழ 3.65 × 10¹⁰ பெக்கொரல், அதாவது ஒரு கியூரிக்குச் சற்றுக் குறைவாக வரும். இயற்கைப் பொருட்களுக்கு இந்த மூன்று எண்களைக் குறித்து வைத்தால் போதும்: பத்து லட்சத்தில் ஒரு பங்கு யுரேனியம் என்றால் கிலோகிராமுக்கு 12.35 பெக்கொரல் யுரேனியம்-238. அதே அளவு தோரியம் என்றால் 4.06 பெக்கொரல் தோரியம்-232. ஒரு சதவீதம் பொட்டாசியம் என்றால் 313 பெக்கொரல் பொட்டாசியம்-40.

6. கருவியின் எண்ணிக்கையைப் பெக்கொரலாக்குதல்

கருவி காட்டும் எண்ணிக்கை சிதைவுகளின் எண்ணிக்கை அல்ல. மாதிரியிலிருந்து எல்லாத் திசைகளிலும் கிளம்பும் துகள்களில் ஒரு பகுதிதான் கருவியை எட்டுகிறது. எட்டியவற்றிலும் ஒரு பகுதியே பதிவாகிறது. "நிமிடத்துக்கு 600 எண்ணிக்கை, 60 ஆல் வகுத்தால் 10 பெக்கொரல்" என்று எழுதுவது இந்தத் துறையில் நுழைபவர்கள் அனைவரும் ஒரு முறையாவது செய்யும் தவறு.

வரிசை இதுதான்: பின்னணியைக் கழிக்கவும், செயல்திறனால் வகுக்கவும், கடைசியில் 60 ஆல் வகுக்கவும். பின்னணியை முதலில் கழிப்பதற்குக் காரணம், அது மாதிரியிலிருந்து வந்ததே அல்ல என்பதுதான். செயல்திறனால் வகுத்த பிறகு கழித்தால் பின்னணியின் ஒரு பகுதி மாதிரியின் கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மாதிரியைப் பத்து நிமிடம் எண்ணியதில் 6400, வெறும் தட்டைப் பத்து நிமிடம் எண்ணியதில் 400 என்று கொள்வோம். நிமிடத்துக்கு 640 இலிருந்து 40 ஐக் கழித்தால் 600. செயல்திறன் 25 சதவீதம் என்றால் 600 ÷ 0.25 = 2400 சிதைவுகள். 60 ஆல் வகுத்தால் 40 பெக்கொரல்; அதாவது ஏறத்தாழ 1.08 நானோ கியூரி.

இந்த 40 எவ்வளவு நம்பகமானது? சிதைவு தற்செயலாக நிகழ்வதால், மொத்த எண்ணிக்கைகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் புள்ளியியல் ஐயப்பாடு கிடைக்கும். 6800 இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 82. பத்து நிமிடத்துக்கு 82 என்றால் நிமிடத்துக்கு 8, அதாவது 600 இல் 1.4 சதவீதம். செயல்திறனில் உள்ள ஐயப்பாடு பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஆகவே கணிப்பான் காட்டும் 1.0811 என்பதை அப்படியே அறிக்கையில் ஏற்றுவதில் பொருளில்லை.

காமா நிறமாலையில், அதாவது காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும்போது, இன்னொரு படி கூடுகிறது. சீசியம்-137 இன் நூறு சிதைவுகளில் ஏறத்தாழ 85 இல் மட்டுமே 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா வெளிப்படுகிறது. பொட்டாசியம்-40 இல் 1461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா நூற்றுக்குப் பதினொன்றுக்கும் குறைவுதான். நொடிக்கு 50 நிகர எண்ணிக்கையும், அந்த ஆற்றலில் 2 சதவீதச் செயல்திறனும் என்றால் நொடிக்கு 2500 காமாக்கள். சீசியம் என்றால் அதை 0.85 ஆல் வகுத்து 2940 பெக்கொரல் என்று எழுத வேண்டும்; பொட்டாசியம் என்றால் அதே 2500 காமாக்களுக்கு 23,000 பெக்கொரலுக்கு மேல் வரும். கருவியோடு வந்த செயல்திறன் ஒரு காமாவுக்கு உரியதா, ஒரு சிதைவுக்கு உரியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சிதைவுக்கு உரியது என்றால் இந்த வகுத்தல் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. மறுபடியும் செய்யக் கூடாது.

மேசை, தரை போன்ற பரப்புகளின் மாசு, 100 சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு இத்தனை சிதைவு என்று தரப்பட்டிருந்தால், 6000 ஆல் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்குப் பெக்கொரல் கிடைக்கும். 5000 என்பது 0.83. கருவியின் உணர்பரப்பு 15 சதுர சென்டிமீட்டர்தான் என்றால், பரப்பிலிருந்து நேரடியாகப் படித்த எண்ணை 100 ÷ 15 ஆல் பெருக்கிய பிறகே அதை 100 சதுர சென்டிமீட்டருக்கு உரியதாகச் சொல்லலாம்.

7. தேதியை ஒன்றாக்குங்கள்

செயல்பாடு நேரத்தோடு குறையும் என்பதால் இரண்டு அளவுகளை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கழிந்த காலத்தை அரை ஆயுட்காலத்தால் வகுத்து, கிடைத்த எண்ணை அரையின் அடுக்காகப் போட்டால் எஞ்சிய பங்கு வரும்.

டெக்னீசியம்-99எம் இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 6 மணி நேரம். காலை 6 மணிக்கு 20 மில்லி கியூரி இருந்தால், 9 மணிக்கு 14.1, நண்பகலில் 10. குப்பியின் மேல் 740 மெகா பெக்கொரல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நண்பகலிலும் அவ்வளவே இருப்பதாகக் கொண்டால் கணக்கு இரு மடங்கு தவறும். மறுபுறம், ஏறத்தாழ 30 ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட சீசியம்-137 சோதனை மூலத்தில் 37 கிலோ பெக்கொரல் என்று அச்சிட்டு 15 ஆண்டுகள் ஆகியிருந்தால் இப்போது 26 கிலோ பெக்கொரலே மிஞ்சியிருக்கும். கழிந்த காலமும் அரை ஆயுட்காலமும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று நாளிலும் இன்னொன்று மணியிலும் இருப்பது அடிக்கடி நடக்கிறது.

8. டோஸ் அலகுகள்

1 கிரே = 100 ராட். 1 சீவர்ட் = 100 ரெம். அன்றாட வேலைக்கு 1 மில்லி ரெம் = 10 மைக்ரோ சீவர்ட் என்ற ஒரு வரி போதும். மணிக்கு 2 மில்லி ரெம் காட்டும் பழைய கருவி மணிக்கு 20 மைக்ரோ சீவர்டைக் காட்டுகிறது.

ராண்ட்ஜனைக் கிரேயாக மாற்றும்போது குடும்பம் மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது. ராண்ட்ஜன் என்பது எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும் காற்றில் மட்டுமே வரையறுக்கப்பட்டது. ஒரு ராண்ட்ஜன் காற்றில் 8.76 மில்லி கிரே தருகிறது. மென்திசுவில் சாதாரணக் காமா ஆற்றல்களுக்கு ஏறத்தாழ 9.6 மில்லி கிரே. ஒரு ராண்ட்ஜன், ஒரு ராட், ஒரு ரெம் மூன்றும் சமம் என்று களத்தில் சொல்வது காமாவுக்குச் சற்றுக் கூட்டிச் சொல்லும் தோராயம் என்ற அளவில் ஏற்கத்தக்கது. ஆல்ஃபாவுக்கும் நியூட்ரானுக்கும் அதைப் பயன்படுத்துவது தவறு.

கிரேயிலிருந்து சீவர்டுக்குப் போகக் கதிர்வீச்சின் எடைக்காரணி தேவை: காமாவுக்கும் பீட்டாவுக்கும் 1, புரோட்டானுக்கு 2, ஆல்ஃபாவுக்கு 20, நியூட்ரானுக்கு அதன் ஆற்றலைப் பொறுத்து 2.5 முதல் ஏறத்தாழ 20 வரை. நுரையீரல் ஆல்ஃபாவிலிருந்து 2 மில்லி கிரே பெற்றால் அந்த உறுப்பின் சமான டோஸ் 40 மில்லி சீவர்ட். முழு உடலுக்கான பயனுறு டோஸ் வேண்டுமென்றால் நுரையீரலின் திசுக்காரணியான 0.12 ஆல் பெருக்க வேண்டும், விடை 4.8 மில்லி சீவர்ட். 40, 4.8 இரண்டுமே மில்லி சீவர்ட் என்ற ஒரே அலகைத் தாங்கி நிற்கின்றன என்பதால்தான் சீவர்ட் என்று எழுதும்போதெல்லாம் எந்த வகை டோஸ் என்பதையும் எழுத வேண்டும்.

9. பெக்கொரலிலிருந்து சீவர்டுக்குப் போகும் இரண்டு வழிகள்

மூலம் உடலுக்கு வெளியே இருந்தால் காமா மாறிலியும் தூரமும் தேவை. சீசியம்-137 க்கு, ஒரு கியூரி மூலத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 0.33 ராண்ட்ஜன். 10 மில்லி கியூரி என்றால் மணிக்கு 3.3 மில்லி ராண்ட்ஜன், காற்றில் மணிக்கு ஏறத்தாழ 29 மைக்ரோ கிரே. இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் இதில் நான்கில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு இடையில் தடுப்பு இல்லாத சிறிய மூலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

உடலுக்குள் சென்றிருந்தால், ஒரு பெக்கொரலுக்கு இத்தனை சீவர்ட் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்டுள்ள கெழுவால் (பெருக்கும் எண்ணால்) பெருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் 1000 பெக்கொரல் சீசியம்-137 ஐ விழுங்கினால் 13 மைக்ரோ சீவர்ட். அயோடின்-131 என்றால் 22. நீர் வடிவிலான ட்ரிட்டியம் என்றால் 0.018. அதே ஆயிரம் பெக்கொரல்தான், ஆனால் டோஸில் ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. கெழு வயதுக்கும், விழுங்கியதா சுவாசித்ததா என்பதற்கும் ஏற்ப மாறும். அயோடின்-131 ஐ விழுங்கும் கைக்குழந்தைக்குப் பெரியவரைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு.

10. வீதத்தையும் மொத்தத்தையும் பிரித்து எழுதுங்கள்

மணிக்கு 0.1 மைக்ரோ சீவர்ட் என்பது வீதம். ஆண்டுக்கு 8760 மணி நேரமும் அங்கேயே இருந்தால் மொத்தம் 0.88 மில்லி சீவர்ட். வேலை நேரமாக 2000 மணி மட்டும் இருந்தால் 0.2. எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் வீதத்தை ஆண்டு வரம்போடு ஒப்பிடக் கூடாது. கையடக்கக் கைகர் கருவி பெரும்பாலும் சீசியம்-137 காமாவுக்கு அளவுத்திருத்தம் செய்யப்பட்டிருக்கும். அதைப் பீட்டா வெளியிடும் பரப்பின் மேல் வைத்தால் அது காட்டும் மைக்ரோ சீவர்டுக்குப் பொருளில்லை. அங்கே எண்ணிக்கையை மட்டும் படியுங்கள்.

11. விடையைச் சோதித்து எழுதுதல்

விடையை எதிர்த்திசையில் மாற்றி, தொடங்கிய எண் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பிறகு அளவு நம்பத்தக்கதா என்று பாருங்கள். 70 கிலோ எடையுள்ள மனித உடலில் ஏறத்தாழ 140 கிராம் பொட்டாசியம் உண்டு. இயற்கைப் பொட்டாசியம் கிராமுக்கு ஏறத்தாழ 31 பெக்கொரல் என்பதால், உடலில் எப்போதும் 4300 பெக்கொரல், அதாவது 0.12 மைக்ரோ கியூரி இருக்கிறது. ஒரு கைப்பிடி சாதாரண மண்ணுக்கு உங்கள் கணக்கு மெகா பெக்கொரலில் விடை தந்தால் முன்னொட்டை மறுபடியும் பாருங்கள்.

சிதைந்து உருவாகும் சேய்க்கருவும் அடுத்தடுத்துச் சிதையும் சிதைவுத் தொடர் உள்ள ஐசோடோப்புகளில், தாய்க்கருவின் செயல்பாடா, சேய்க்கருக்களையும் கூட்டிய மொத்தமா என்று குறிப்பிட வேண்டும். சமநிலையில் உள்ள 100 பெக்கொரல் தோரியம்-232 உடன் அதன் தொடரில் உள்ள சேய்க்கருக்களும் சேர்ந்து சிதைகின்றன என்பதால், மொத்தம் அதைப்போல் பல மடங்காகும்.

அறிக்கையில் எழுதும் வரி இப்படி இருந்தால் அடுத்தவர் மீண்டும் கேட்க வேண்டியதில்லை: "சீசியம்-137, உலர் எடையில் கிலோகிராமுக்கு 185 ± 12 பெக்கொரல் (மூல அறிக்கையில் கிராமுக்கு 5.0 பைக்கோ கியூரி), மாதிரி எடுத்த நாளுக்குத் திருத்தியது." மாற்றுவதற்கு முன்பிருந்த எண்ணை அடைப்புக்குறிக்குள் வைப்பதற்குக் காரணம், மாற்றத்தில் தவறு இருந்தாலும் மூலத்தைத் தேடி அலையாமல் அந்த வரியிலேயே அதைத் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான்.